துரத்தும் நாயும் தெருவில் வாழும் உயிர்களும்

கன்னி, சிப்பிப்பாறை, ராஜபாளையம், கோம்பை என்று நம் தென்மாவட்ட நாய்களுக்குக் கொஞ்ச காலமாக நகரங்களில் நல்ல மவுசு. ராஜபாளையம் நாய்க்கு 2005-லேயே அஞ்சல்தலை வந்துவிட்டது. 2020 ஆகஸ்டில் பிரதமரின் வானொலி உரையிலும் இந்தப் பெயர்கள் ஒலித்தன. நம் மண்ணின் நாயை வளர்ப்போம் என்கிற எண்ணம் பரவுவதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் குட்டியைக் கையில் வாங்கும்போது பலரும் யோசிக்காத விஷயம் ஒன்று உண்டு. கன்னியும் சிப்பிப்பாறையும் கரிசல்காட்டில் முயல் விரட்டுவதற்கென்றே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி இணைசேர்த்து வளர்த்த நாய்கள். மோப்பம் பிடித்துத் தேடுவதைவிட, கண்ணில் பட்டதை ஓடிப் பிடிப்பதே அவற்றின் வித்தை. மூன்றாவது மாடி வீட்டில் வளர்ந்தாலும் அந்தக் கண்ணும் காலும் மாறிவிடாது. தெருவில் இறங்கினால் எதிர்வீட்டுப் பூனை, குப்பையைக் கிளறும் கோழி, வேப்பமரத்து அணில், காலி மனையில் மேயும் ஆட்டுக்குட்டி என்று வரிசையாக எதிர்ப்படும். அவற்றின் உயிரும் நாயின் நல்ல பெயரும் கயிற்றைப் பிடித்திருப்பவர் கையில்தான் இருக்கின்றன என்பது என் கட்சி.

பூனையைக் கொன்ற நாயைப் பார்த்து ‘வெறி பிடித்துவிட்டது’ என்கிறோம். வளர்த்தவரோ, ‘இவ்வளவு சாதுவான நாய் இப்படிச் செய்யுமா’ என்று திகைத்து நிற்கிறார். சாது என்பதும் உண்மை, கொன்றது என்பதும் உண்மை. 1960-களில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஜான் ஃபிளின் குழுவினர் பூனைகளின் மூளையை ஆராய்ந்தார்கள். மூளையின் ஓரிடத்தைத் தூண்டினால் பூனை மயிரைச் சிலிர்த்துச் சீறிப் பாய்ந்தது. வேறோர் இடத்தைத் தூண்டினால் சத்தமே இல்லாமல் எலியை நெருங்கிக் கடித்தது. கோபத்துக்கு ஒரு வழி, வேட்டைக்கு வேறு வழி. கோழியைத் துரத்தும் நாய் உறுமுவதில்லை, பல்லைக் காட்டுவதில்லை, அதற்குக் கோழிமேல் பகையும் இல்லை. நாய்களின் நடத்தையை வாழ்நாளெல்லாம் ஆராய்ந்த ரேமண்ட் காப்பிஞ்சர் இந்த வேட்டையைப் படிப்படியாகப் பிரித்துக் காட்டினார்: பார்ப்பது, உற்று நோக்குவது, பதுங்கி நெருங்குவது, துரத்துவது, கவ்வுவது, கொல்வது, கிழித்துத் தின்பது. ஆடு மேய்க்கும் இனங்களில் முன்படிகள் மேலோங்கி, கடைசிப் படிகள் மங்கியிருக்கும். முயல் நாய்களில் துரத்தலும் கவ்வலும் கூர்மையாக நிற்கும். ஒவ்வொரு படியும் நாய்க்குத் தன்னளவிலேயே இன்பம் தருவது. ‘வயிறு நிறையப் போட்டால் துரத்தாது’ என்ற வாதம் இங்கேதான் அடிபடுகிறது. நன்றாகத் தின்ற நாய் இன்னும் தெம்போடு ஓடும்.

ஓட்டமே பரிசு என்றால், ஒவ்வொரு துரத்தலும் அடுத்த துரத்தலுக்குப் பயிற்சியாகிறது. பூனை தப்பித்து மதிலேறிவிட்டாலும் நாய்க்குக் கூலி கிடைத்துவிட்டது. அதனால்தான் ‘ஒருமுறை துரத்திப் பார்த்தால் அலுத்துவிடும்’ என்று விட்டுப்பிடிப்பது பிழை. அடித்துத் திருத்தலாமே என்பார்கள். செத்த கோழியை மூஞ்சியில் தேய்த்து அடிக்கும் பழக்கம் ஊரில் இன்றும் இருக்கிறது. ஓடி, பிடித்து, முடித்த பிறகு விழும் அடியை நாய் ஓட்டத்தோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. அடிக்கிற ஆள் கிட்டே வந்தால் ஓடிவிட வேண்டும் என்றுதான் கற்கிறது. மறுநாள் கூப்பிட்டால் வராது. கூப்பிட்டால் வருவதுதான் நமக்கு இருக்கும் ஒரே பிடி, அடித்தால் அதையும் இழக்கிறோம். மின்சாரம் பாய்ச்சும் கழுத்துப்பட்டை பற்றி இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகம் செய்த ஆய்வு 2014-இல் வெளியானது. கூப்பிட்டால் வராத, கால்நடைகளைத் துரத்துகிற சிக்கல்கள் உள்ள 63 வளர்ப்பு நாய்களைப் பழக்கிப் பார்த்தார்கள். பட்டையால் தனி நன்மை எதுவும் கிடைக்கவில்லை. வெகுமதி கொடுத்துப் பழக்கிய நாய்களும் அதே அளவு தேறின. பட்டை போட்ட நாய்களிடம் இறுக்கத்தின் அறிகுறிகள்தான் கூடுதலாகத் தெரிந்தன. வேல்ஸ் நாட்டில் 2010 முதலே இந்தப் பட்டைக்குத் தடை இருக்கிறது.

வேறென்ன செய்வது? நடக்கும் நாயைக் கவனித்தால் துரத்தலுக்கு முன் ஒரு கணம் தெரியும். அதுவரை தொங்கிக்கொண்டிருந்த நாக்கு உள்ளே போய் வாய் மூடும். காது முன்னே திரும்பும். கழுத்து நீளும். சில நாய்கள் ஒரு முன்னங்காலைத் தூக்கியபடி உறைந்து நிற்கும். ஒரு நொடி, மிஞ்சினால் இரண்டு நொடி. நம் குரல் அதன் காதில் ஏறுவது அந்த நேரத்தில்தான். பாய்ந்துவிட்ட பிறகு தொண்டை கிழியக் கத்தியும் பயனில்லை. ஆகவே ‘வா’ என்ற சொல்லை முதலில் வீட்டுக்குள், பிறகு மாடியில், பிறகு ஆளில்லாத தெருவில் என்று பழக்க வேண்டும். வந்த ஒவ்வொரு முறையும் வேகவைத்த ஈரலோ கோழித்துண்டோ கொடுக்க வேண்டும், வெறும் பிஸ்கட் பூனைக்கு ஈடாகாது. பூனை தூரத்தில் தெரியும்போதே கூப்பிட்டுப் பழக்கிவிட்டு, நாளடைவில் அந்தத் தூரத்தைக் குறைக்கலாம். பழகும் மாதங்களில் முப்பது அடிக் கயிறு உதவும். அதைக் கழுத்துப்பட்டையில் கட்டாமல் மார்புப்பட்டையில் கட்ட வேண்டும். முழு வேகத்தில் ஓடும் நாய் கயிற்றின் முனையில் சுண்டி நின்றால் கழுத்துக்கு ஆபத்து.

துரத்தும் ஆசைக்கும் ஒரு வடிகால் வேண்டும். மூங்கில் கழியின் நுனியில் கயிறு, கயிற்றின் முனையில் பழைய துணி. அதைத் தரையோடு இழுத்து ஓட்டினால் நாய் துரத்தும், திரும்பும், கவ்வும். நடுவில் ‘விடு’ என்று நிறுத்தி, விட்டதும் மறுபடி ஓட்டலாம். வெயில் தாழ்ந்த பிறகு கொஞ்ச நேரம் இப்படி விளையாடிய நாய் தன் வேட்டைக்கு வீட்டாளையே நாடத் தொடங்கும்.

‘எங்கள் நாய் எங்கள் பூனையோடுதான் தூங்குகிறது’ என்று மறுப்பவர்கள் உண்டு. நம்புகிறேன். குட்டி நாய் பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரை யாரோடு பழகுகிறதோ அவர்களைத் தன் கூட்டமாக ஏற்கிறது. ஸ்காட், ஃபுல்லர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1965-இல் எழுதிய நூலில் இதை விரிவாகக் காட்டினார்கள். ஆனால் அந்த ஏற்பு அந்தப் பூனைக்கு மட்டும் உரியது. தெருவில் தெறித்து ஓடும் அந்நியப் பூனை நாயின் கண்ணுக்கு ஓடும் பொருள், அவ்வளவே. வீட்டுப் பூனைகூட முற்றத்தில் திடீரென்று ஓடினால் ஆபத்து உண்டு. ஒன்றுக்கு இரண்டு நாயாக இருந்தால் வேகம் இன்னும் கூடும்.

‘வேட்டை நாயை ஆயுளுக்கும் கயிற்றில் வைப்பது கொடுமையில்லையா’ என்ற கேள்வி கனமானது. நாளெல்லாம் சங்கிலியில் கட்டிப்போடுவது கொடுமைதான், அது ஏக்கத்தையும் பதற்றத்தையும் வளர்க்கிறது. நான் சொல்வது நடைக்கு மட்டுமான கயிறு. சுற்றுச்சுவர் உள்ள மைதானம் கிடைத்தால் அவிழ்த்துவிட்டு ஓடவிடுங்கள். அதற்கு வசதியில்லாதவர் இந்த இனங்களை வாங்காமல் இருப்பதே நாய்க்கும் தெருவுக்கும் நல்லது. நாயின் ஓட்ட சுகத்துக்காக, நான்கு ஆட்டை நம்பிப் பிழைக்கும் ஒரு பெண்ணின் பிழைப்பைப் பணயம் வைக்க நமக்கு உரிமை கிடையாது. துரத்தும் வேகத்தில் நாய் லாரியைப் பார்ப்பதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நகர விளிம்புகளில் மயிலும் உடும்பும் முயலும் உண்டு. இவை 1972-ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருபவை. அந்தச் சட்டம் வேட்டைக்குத் தரும் விளக்கத்தில் துரத்துவதும் விரட்டுவதும் அடங்கும்.

ஏற்கெனவே ருசி கண்ட நாய் என்றால், தெருவில் கயிற்றோடு வாய்க்கூடும் அதற்கு நிரந்தரம். வாயை இறுக்கிக் கட்டும் துணிப்பட்டை வேண்டாம். நாய் நாக்கை நீட்டி இளைத்துத்தான் உடல்சூட்டைத் தணிக்கிறது, நம் வெயிலில் வாயைக் கட்டினால் உயிருக்கே ஆபத்து. உள்ளே வாய் திறந்து மூச்சுவிடவும் தண்ணீர் குடிக்கவும் இடமுள்ள கூடை வடிவம் கடைகளில் கிடைக்கிறது. உட்புறத்தில் கொஞ்சம் தயிர் தடவிப் பிடித்தால் நாய் தானாகவே மூஞ்சியை நுழைக்கும். சில நாள் அப்படிப் பழகிய பிறகு வாரை மாட்டுங்கள். அக்கம்பக்கத்தாரிடம் நாயின் குணத்தை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். கோழி போனால், கேட்பதற்கு முன்பே போய் விலையைக் கொடுத்துவிடுங்கள்.