கொழும்பில் எங்கே அறை எடுப்பது?



வேலை கிடைத்ததும் நீங்கள் எங்களிடம் கேட்பது, "அக்கா, கொழும்பில் எங்கே அறை எடுப்பது?" என்பதுதான். வெள்ளவத்தையில் தமிழ்க் கடைகள், கடற்கரை, ரயில் நிலையம் எல்லாம் உண்டு; வாடகைதான் கூட. கொட்டாஞ்சேனையில் புனித லூசியா பேராலயம் இருக்கிறது. தலைமன்னார் ரயில் ஏறும் கோட்டை நிலையமும் கிட்ட.

2007 ஜூன் 7 விடியற்காலை, கொழும்பு லொட்ஜ்களில் தங்கியிருந்த 376 தமிழரை பஸ்களில் ஏற்றி அனுப்பினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. அன்று நாங்கள் ஒருவரையொருவர் தேடிக் கண்ட பிறகே சாப்பிட்டோம்.

ஆகவே, வாடகையை விசாரிக்க முன் இதை விசாரியுங்கள்: இரவு பிந்தினால் உங்களைத் தேட அந்தத் தெருவில் ஒருவர் உண்டா? இல்லையென்றால் எங்களிடம் சொல்லுங்கள். அருகில் நம் அக்கா ஒருவரைப் பார்த்துத் தருவோம்.