ஒரு பண்ணை வீடு, பல குடும்பங்கள்

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



தண்ணீர், பார்க்கிங், லிஃப்ட் எல்லாம் பேசி முடித்த பிறகு, பொதுவான விஷயம் ஒன்றுக்காகக் கொஞ்ச நேரம் ஒதுக்குவது நம் வழக்கம். இந்த முறை அந்த நேரம் எனக்குக் கிடைத்திருக்கிறது. ஸ்காட்லாந்தில் ஒரு பண்ணை வீட்டை எடுத்துக்கொண்டு, அதில் தலைமுறை தலைமுறையாக யார் யார் வாழ்ந்தார்கள் என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பதைப் பற்றிப் பேசலாம் என்றிருக்கிறேன்.

ஸ்காட்லாந்துக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். சொத்து ஒருவருடையது, குடியிருப்பவர் இன்னொருவர், அங்கே வந்து வேலை செய்பவர் மூன்றாமவர். இந்த ஏற்பாடு அப்பார்ட்மென்ட்டில் இருக்கும் நமக்குப் புதிதில்லை. அதனால் இந்தக் கதை உங்களுக்குச் சுலபமாகப் புரியும்.

பச்சை வயல், கல்லால் கட்டிய வீடு, பின்னால் தொழுவம் என்று படத்தில் பார்த்தால், ஒரே குடும்பம் முந்நூறு வருடமாக அங்கே இருந்திருக்கும் என்றுதான் தோன்றும். பெரும்பாலும் அப்படி இல்லை. நிலம் ஜமீன்தார் மாதிரியான பெரிய நிலக்கிழாருடையது. அவரை அங்கே 'லேர்ட்' என்பார்கள். உழுதவர் குத்தகைதாரர். 19 ஆண்டுக் குத்தகை என்பது பரவலான வழக்கம். கெடு முடிந்ததும் வாடகை ஏறும். கட்ட முடியாதவர் வேறு பண்ணை தேடிப் போவார். பண்ணையின் பெயர் அப்படியே நிற்கும், குடும்பம்தான் மாறும்.

உங்களுக்குப் பெயர் தெரிந்த ஒருவரையே உதாரணமாகச் சொல்கிறேன். புத்தாண்டு இரவில் உலகம் முழுக்கப் பாடுகிறார்களே, 'ஆல்ட் லேங் சைன்', அந்தப் பாட்டை நமக்குத் தந்த கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ். அவருடைய தாத்தா ஸ்காட்லாந்தின் வடகிழக்கில் கின்கார்டின்ஷயரில் குத்தகை விவசாயி. அப்பா வில்லியம் பிழைப்பு தேடித் தெற்கே வந்து, தென்மேற்கில் உள்ள ஏர்ஷயரில் தோட்டக்காரராக வேலை பார்த்தார். 1766-ல் மவுண்ட் ஆலிஃபண்ட் என்ற பண்ணைக்குக் குடும்பத்தோடு போனார். 70 ஏக்கர், ஆண்டுக்கு 40 பவுண்டு குத்தகை. மண் மோசம். கூலிக்கு ஆள் வைக்க வசதியில்லை. பதினைந்து வயதில் ராபர்ட்தான் அந்தப் பண்ணையின் முக்கிய வேலையாள்.

1777-ல் லாக்லீ என்ற பண்ணைக்கு மாறினார்கள். 130 ஏக்கர், ஏக்கருக்கு ஒரு பவுண்டு. இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். குத்தகை விவரத்தை யாரும் எழுத்தில் வைக்கவில்லை. சில ஆண்டுகளில் நிலக்கிழாருக்கும் வில்லியத்துக்கும் கணக்குத் தகராறு வந்தது. 1783-ல் பயிரும் மாடும் ஜப்தி. வழக்கு எடின்பரோவின் உயர் நீதிமன்றம் வரை போய், 1784 ஜனவரியில் வில்லியத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. அடுத்த மாதமே அவர் காலமாகிவிட்டார். வயது 62. எழுதாத வாடகை ஒப்பந்தம் என்ன செய்யும் என்பதை இந்தக் கூட்டத்துக்கு நான் விளக்க வேண்டியதில்லை!

பிறகு அண்ணனும் தம்பியுமாக மாஸ்கீல் என்ற பண்ணையை எடுத்தார்கள். ராபர்ட் 1788-ல் டம்ஃப்ரீஸ் பக்கம் எல்லிஸ்லேண்ட் என்ற பண்ணைக்குப் போனார். அதுவும் கட்டுப்படியாகாமல் 1791-ல் கைவிட்டு டவுனுக்குக் குடிபோனார். 25 ஆண்டுகளில் நான்கு பண்ணைகள். ஒரு குடும்பம் நான்கு பண்ணையில் இருந்திருக்கிறது என்றால், அந்த ஒவ்வொரு பண்ணையிலும் இவர்களுக்கு முன்னும் பின்னும் எத்தனை குடும்பங்கள் இருந்திருக்கும்!

அதனால்தான் அங்கே இதில் பழகியவர்கள், ஆளின் பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு போகாமல், பண்ணையின் பெயரைப் பிடித்துக்கொண்டு தேடுகிறார்கள். அதற்கு உதவும் ஆவணங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

முதலாவது, மதிப்பீட்டுப் பதிவேடு. 1855 முதல் ஆண்டுதோறும், ஒவ்வொரு சொத்துக்கும் உரிமையாளர் யார், குத்தகைதாரர் யார், குடியிருப்பவர் யார், வாடகை மதிப்பு என்ன என்று எழுதியிருக்கிறார்கள். நம் சங்கத்தின் ஃப்ளாட் ரெஜிஸ்டர் மாதிரியேதான். ஆண்டுகளை வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தால், எந்த ஆண்டில் குத்தகைதாரர் பெயர் மாறியது என்று தெரிந்துவிடும்.

இரண்டாவது, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. 1841 முதல் பத்து ஆண்டுக்கு ஒரு முறை, அன்றிரவு வீட்டில் இருந்த எல்லாருடைய பெயரும் அதில் இருக்கும். 1841-ல் மட்டும் ஒரு சிக்கல் உண்டு. 15-க்கு மேற்பட்ட வயதைப் பொதுவாக ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதினார்கள். 39 வயதுக்காரர் 35 ஆகிவிடுவார். 1851 முதல் வயதோடு உறவுமுறையும் பிறந்த ஊரும் சேர்ந்தன. விவசாயி என்றால் எத்தனை ஏக்கர், எத்தனை ஆள் என்பதும் இருக்கும். பிள்ளைகளின் பிறந்த ஊரை மட்டும் வரிசையாகப் படியுங்கள். மூத்தவன் ஓர் ஊரில், அடுத்தவள் பக்கத்து ஊரில், கடைக்குட்டி வேறோர் ஊரில் என்று இருந்தால், அந்தக் குடும்பம் நடந்த பாதையே அதுதான்.

மூன்றாவது, பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகள். அரசுப் பதிவு 1855 ஜனவரி 1-ல் தொடங்கியது. இறப்புப் பதிவில் இறந்தவரின் தாய் தந்தை இருவர் பெயரையும் கேட்பார்கள். தாயின் பிறந்த வீட்டுப் பெயரும் அதில் இருக்கும். அதாவது, 1855-க்குப் பின் எண்பது வயதில் இறந்த ஒருவரின் பதிவு, அவர் பிறந்த முந்தைய நூற்றாண்டுக்கே வழிகாட்டும். அதற்கு முன்னால் என்றால் சர்ச்சின் ஞானஸ்நானப் பதிவேடுகள்தான்.

பழைய ஆவணங்களைப் படிக்கும்போது ஒரு சின்னச் சொல்லைக் கவனிக்க வேண்டும். ஒருவர் பெயருக்கும் பண்ணைப் பெயருக்கும் நடுவே 'ஆஃப்' என்று இருந்தால் அவர் நிலத்தின் சொந்தக்காரர். 'இன்' என்று இருந்தால் குத்தகைதாரர். இரண்டே எழுத்துதான், ஆனால் அந்தஸ்து முழுக்க அதில் இருக்கிறது. இதைக் கவனிக்காமல் "எங்கள் முன்னோர் பெரிய நிலக்கிழார்" என்று பெருமைப்பட்டுவிடக் கூடாது.

பெயரிடும் முறையும் துப்புக் கொடுக்கும். மூத்த மகனுக்கு அப்பாவழித் தாத்தா பெயர், இரண்டாம் மகனுக்கு அம்மாவழித் தாத்தா பெயர் என்பது அங்கே பழைய வழக்கம். கவிஞரின் அப்பாவழித் தாத்தா பெயரும் ராபர்ட். அம்மாவழித் தாத்தா கில்பர்ட். கவிஞரின் தம்பி பெயரும் கில்பர்ட். நமக்கு இது ஆச்சரியமே இல்லை. பெயரன் என்பதுதானே பேரன் ஆயிற்று! ஆனால் எழுத்துக்கூட்டல் மாறும். அப்பா தன் குடும்பப் பெயரை 'பர்னஸ்' என்று எழுதினார், மகன் 'பர்ன்ஸ்' என்று மாற்றிக்கொண்டார். ஒரே வடிவத்தில் தேடினால் பாதிப் பேர் தப்பிவிடுவார்கள்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல நினைத்த விஷயத்துக்கு வருகிறேன். நிலக்கிழார் கிடைப்பார், குத்தகைதாரரும் கிடைப்பார். ஏர் ஓட்டியவர், பால் கறந்தவர், ஒற்றை அறைக் குடிசையில் இருந்தவர், இவர்கள் எங்கே?

பண்ணை ஆட்களுக்கு ஆறு மாதம் அல்லது ஓராண்டுதான் ஒப்பந்தம். மே மாதத்து விட்சன்டே, நவம்பர் மாதத்து மார்டின்மஸ், இந்த இரண்டு தவணைகளை ஒட்டி ஊர்ச் சந்தையில் ஆள் பிடிப்பார்கள். பேச்சு முடிந்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த பண்ணை. மதிப்பீட்டுப் பதிவேட்டிலும், ஆண்டு வாடகை நான்கு பவுண்டுக்குக் குறைவான வீடு என்றால் குடியிருப்பவர் பெயரை எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. கணக்கெடுப்பு நாளில் அங்கே இருந்தால் பெயர் பதிவாகும். நடுவில் வந்து போனவர் வராதவர் போலத்தான்.

சில சமயம் அவர்கள் பெயர் கிடைப்பது சர்ச் சபையின் ஒழுக்க விசாரணைக் குறிப்புகளில். திருமணமாகாத வேலைக்காரப் பெண் கர்ப்பமானால் சபை அழைத்து விசாரிக்கும், அதை எழுதியும் வைக்கும். பர்ன்ஸ் குடும்பத்தில் வேலை செய்தவர் எலிசபெத் பேட்டன். ராபர்ட்டின் முதல் குழந்தைக்கு, 1785-ல், தாயானவர் அவர். ராபர்ட் புகழ்பெற்றவர் என்பதால்தான் இவர் பெயரை இன்று நாம் சொல்கிறோம். மற்றப் பண்ணைகளில் இவரைப் போல வேலை செய்தவர்கள் எத்தனையோ பேர். வாழ்நாள் உழைப்புக்கு ஒரு வரி இல்லை, ஒரு தவறு என்று சொல்லப்பட்டதற்கு ஒரு பக்கம் இருக்கிறது. ஆகவே ஒரு பண்ணையின் கதையை முழுதாகச் சொல்ல நினைப்பவர், கணக்கெடுப்புத் தாளில் விவசாயியின் பெயரோடு நிறுத்தாமல், கீழே 'வேலையாள்' என்று எழுதியிருக்கும் வரிகளையும் படித்து, அந்தப் பெயர்களையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

உங்கள் பிள்ளைகள் அந்தப் பக்கம் வேலைக்கோ படிப்புக்கோ போய், பழைய வீட்டில் வாடகைக்கு இருந்தால், பொழுதுபோக்காக இதைச் செய்து பார்க்கச் சொல்லுங்கள். 'ஸ்காட்லண்ட்ஸ் பீப்பிள்' என்ற அரசு இணையதளத்தில் இந்தப் பதிவேடுகள் இருக்கின்றன; மூலப் பக்கத்தைப் பார்க்கப் பெரும்பாலும் சிறு கட்டணம் உண்டு. ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் தளத்தில் பழைய வரைபடங்களை இலவசமாகவே பார்க்கலாம். முதலில் வரைபடத்தில் வீட்டைக் கண்டுபிடித்துவிட்டு, பிறகு பெயர்களுக்குப் போவது நல்லது.

கடைசியாக, செயலாளர் அனுமதித்தால் ஒரு யோசனை. நம் ரெஜிஸ்டரில் உரிமையாளர், வாடகைதாரர் பெயர்கள் ஒழுங்காக இருக்கின்றன. கட்டடம் எழும்பியதிலிருந்து இங்கே வேலை பார்த்த வாட்ச்மேன், துப்புரவுப் பணியாளர், பிளம்பர், எலக்ட்ரீஷியன் பெயர்களும், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை என்பதும் ஒரு நோட்டில் இருந்தால் என்ன? அவர்களிடம் கேட்டு, அவர்கள் சம்மதத்தோடு எழுதுவோம். நினைவுள்ள பெரியவர்கள் இப்போது நம்மோடு இருக்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால் முடிந்துவிடும் வேலை. நோட்டு நான் வாங்கித் தருகிறேன்.