அகராதியில் இல்லாத பொருள்

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



இந்தப் பாடசாலையில் நாம் ஆங்கிலம் படித்தோம். அப்பியாசக் கொப்பியின் நடுவில் கோடு போட்டு, இடப்பக்கம் சொல், வலப்பக்கம் பொருள் என்று எழுதிப் பாடமாக்கினோம். அந்தப் பயிற்சி நமக்குக் கைகொடுத்தது. ஆனால் நாம் பிறந்து வளர்ந்த தோட்டங்களில் அதே சொற்கள் வேறு பொருளோடு நடமாடின. அவற்றில் சிலவற்றை இன்று சேர்ந்து நினைத்துப் பார்ப்போம்.

சிரிப்போடு தொடங்கலாம். வெளியே லிக்கர் என்றால் மதுபானம். தேயிலை ருசி பார்ப்பவருக்கோ கோப்பையில் வடித்த சாயமே லிக்கர். மதுவைத் தொட்டே பாராதவரும் நாள் முழுக்க லிக்கரை ருசி பார்த்துத் துப்பிக்கொண்டிருப்பார். டீமேக்கர் என்றால் தேநீர் ஊற்றித் தருபவர் என்று வெளியூர்த் தோழிகள் நினைப்பார்கள். நமக்கு அவர் ஸ்டோரில் தேயிலைத் தயாரிப்புக்கே பொறுப்பான ஐயா. அந்த ஸ்டோரும் சாமான் அடுக்கும் அறை அல்ல, தேயிலைத் தொழிற்சாலை. பஸ்ஸில் டிக்கெட் தருபவர் கண்டக்டர். விஞ்ஞானப் பாடத்தில் மின்சாரத்தைக் கடத்தும் செப்புக்கம்பியும் கண்டக்டர். தோட்டத்தில் மலையை மேற்பார்வை செய்யும் உத்தியோகத்தரோ கண்டாக்கையா. சென்னையில் கோச் என்றால் ரயிலின் ஒரு பெட்டி. நமக்குக் கோச்சி என்றால் ஹட்டனுக்கும் நானுஓயாவுக்கும் வந்து போகும் முழு ரயிலும்தான்.

இந்தச் சொற்களை மாற்றிப் புரிந்துகொண்டால் சிரித்துவிட்டுப் போகலாம். வேறு சில சொற்கள் அப்படியல்ல. அவை நம்மவர்களின் சம்பளத்தையும் வீட்டையும் நாட்டையும் தீர்மானித்தவை.

லைன் என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். படையினருக்கு வரிசையாகக் கட்டிய குடியிருப்பை ஆங்கிலேயர் லைன்ஸ் என்றார்கள். வட இந்திய நகரங்களில் சிவில் லைன்ஸ் என்பது வெள்ளை அதிகாரிகள் பங்களா கட்டி வாழ்ந்த பகுதி. டில்லியில் இன்றும் அந்தப் பெயருக்கு ஒரு மதிப்பு உண்டு. அதே சொல் நம் மலைக்கு வந்தபோது பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பராக்கள் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கும் லயம் ஆயிற்று. லயம் என்றால் சங்கீத ஆசிரியைக்குத் தாளம் நினைவுக்கு வரும். நமக்கு நினைவுக்கு வருவது சுவருக்கு அப்பால் கேட்கும் அடுத்த வீட்டு இருமல்.

அடுத்தது பேர். இந்தப் பாடசாலையில் இடாப்பு வாசிக்கும்போது பேர் என்றால் நம்மையே குறித்தது. தோட்டத்துச் செக்ரோலில் ஒரு நாள் வேலைக்கான சம்பளமே ஒரு பேர். சொன்ன கிலோ கொழுந்து நிறையாவிட்டால் அரைப்பேர். துரைமாரின் ஆங்கிலத்திலும் அதற்கு ஹாஃப் நேம் என்றுதான் வழக்கு. இங்கிலாந்தில் பிறந்து வளர்ந்த ஒருவரிடம் இதைச் சொன்னால், பாதிப் பெயர் என்றால் என்னவென்று திகைப்பார். மழையில் நனைந்து, அட்டைக்கடி வாங்கி, அந்திக் கொழுந்து நிறுத்துவிட்டு நிற்கும் அம்மாவுக்கு விளக்கம் தேவையில்லை.

அட்வான்ஸ் என்றால் முன்னேற்றம் என்று படித்தோம். அட்வான்ஸ் லெவல் சித்தியடைந்தவர்கள் இங்கே எத்தனையோ பேர் இருக்கிறோம். நம் பூட்டன்மார் அறிந்தது கோஸ்ட் அட்வான்ஸ். கோஸ்ட் என்றால் கடற்கரை. தோட்டக்காரர்களின் பேச்சிலோ அது தென்னிந்தியா. அங்கிருந்து ஆள் திரட்டக் கங்காணி மூலம் கொடுத்த முன்பணம்தான் கோஸ்ட் அட்வான்ஸ். அந்தப் பணம் கடனாகத் தலையில் ஏறியது. கடன் தீராமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாதபடி அதைத் துண்டு என்ற தாளில் எழுதிவைத்தார்கள். 1921இல்தான் துண்டுமுறை ஒழிந்தது. அதுவரை அட்வான்ஸ் என்ற சொல் நம்மவர்களை ஓரடியும் முன்னேற விடவில்லை.

சட்டத்தின் சொற்கள் இன்னும் கடுமையானவை. ஓரிடத்தில் குடியிருப்பவர் ரெசிடென்ட் என்பது அகராதி. 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டமோ மணமானவர் 7 ஆண்டுகளும் மணமாகாதவர் 10 ஆண்டுகளும் இடைவிடாமல் இங்கே வதிந்ததை நிரூபிக்கக் கேட்டது. அந்த மலையிலேயே ஆயுள் முழுக்கக் கொழுந்து பறித்தவர்கள் தாம் குடியிருந்ததற்குத் தாளில் சாட்சி தேட வேண்டியதாயிற்று.

பிறகு 1964 ஒக்டோபர் 30இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 525,000 பேரும் அவர்களின் இயற்கைப் பெருக்கமும் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று கணக்குப் போட்டார்கள். எஞ்சிய 150,000 பேரை 1974இல் பாதி பாதியாகப் பிரித்தார்கள். போனவர்களுக்கு ரிபேட்ரியேட் என்று பெயர் வைத்தார்கள். சொந்த நாட்டுக்குத் திரும்புபவர் என்பது அதன் பொருள். நம் வகுப்புகளிலிருந்தும் பிள்ளைகள் போனார்கள். பாட்டன், பூட்டன் சொன்ன கதைகளில் மட்டுமே இந்தியாவை அறிந்தவர்கள் அவர்கள். பிறந்த மண்ணை விட்டுத் தலைமன்னாரில் கப்பல் ஏறியவர்களைத் 'தாயகம் திரும்பியோர்' என்று தாளில் எழுதினார்கள். நீலகிரியில் இறங்கியதும் அங்குள்ளவர்கள் அவர்களைச் சிலோன்காரர்கள் என்றார்கள். கோத்தகிரி, கூடலூர்ப் பக்கமிருந்து இன்று வந்திருக்கும் சகோதரிகளே, இந்த இரண்டு பெயர்களுக்கும் நடுவில் வாழ்வது எப்படி என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ஒன்றையும் மறக்கக்கூடாது. இந்திய ஒரிஜின், அதாவது இந்திய வம்சாவளி என்ற அடையாளத்தைக் காட்டித்தான் நம்மவர்களை நெடுங்காலம் வெளியே நிறுத்தினார்கள். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தில் அதே வம்சாவளியே உரிமை தந்தது. 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கு நிரந்தரமாக வதியும் இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களின் சந்ததியினருக்கும் அது பிரஜாவுரிமை வழங்கியது. ஒரு சொல் கதவை அடைக்கவும் செய்யும், திறக்கவும் செய்யும். அதை யார் எழுதுகிறார்கள், எதற்காக எழுதுகிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஆகவே சகோதரிகளே, ஒரு வேண்டுகோள். நம்மில் ஆசிரியைகள் இருக்கிறோம். தாதியர், வங்கி உத்தியோகத்தர், சட்டத்தரணிகள் இருக்கிறோம். லண்டனிலும் டொரொண்டோவிலும் மொழிபெயர்ப்புச் செய்பவர்களும் இருக்கிறோம். வளைகுடாவுக்கு வேலைக்குப் போகும் தங்கை ஒப்பந்தத்தை நீட்டும்போது, லயத்து அக்கா கடன் படிவத்தோடு வரும்போது, "இங்கே கையெழுத்துப் போடுங்கள்" என்று விரலைக் காட்டுவதோடு நிறுத்திவிட வேண்டாம். இந்தத் தாளில் இந்தச் சொல்லுக்கு என்ன பொருள், ஒப்பமிட்டால் எவ்வளவு கழியும், எத்தனை மாதம் கட்ட வேண்டும், வேண்டாம் என்றால் விலக முடியுமா என்பதை அவர்கள் பேசும் தமிழில் உட்கார்ந்து சொல்லுவோம். கால் மணி நேரம் போதும்.

நமக்கு ஆங்கிலம் கற்பித்த ஆசிரியைகளுக்கு இந்த நூற்றாண்டில் நாம் செய்யக்கூடிய நன்றி அதுவே.