எழுதாத கணக்கு

(ஜும்ஆவுக்குப் பின் நடந்த குடும்ப நலக் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)



2016 நவம்பர் 8, செவ்வாய் இரவு 8 மணி. 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று பிரதமர் அறிவித்தபோது எங்கே இருந்தீர்கள் என்று கேட்டால், இங்குள்ள பெரியவர்கள் உடனே சொல்லிவிடுவீர்கள். அதற்கு முந்தைய செவ்வாய் இரவைக் கேட்டால் யாருக்கும் தெரியாது. பயமும் பதற்றமும் வந்த நேரத்தை மூளை ஆழமாகப் பதித்துக்கொள்கிறது. ஆனால் கவனம் எதில் நின்றதோ அதுதான் நன்றாகப் பதிகிறது. கத்தியைக் கண்டு பயந்தவருக்குக் கத்தி நினைவிருக்கும். அதைப் பிடித்தவன் முகம் நினைவில் நிற்காமல் போகலாம்.

அந்த நாட்களில் வங்கிக் கணக்கு இல்லாத ஒருவர், மகள் நிக்காஹுக்குச் சேர்த்த பழைய நோட்டுகளைத் தம்பியிடம் கொடுத்தார். எழுத்து எதுவும் இல்லை. பின்னர் விவகாரம் நம்மிடம் வந்தது. அண்ணன் ஒன்றரை லட்சம் என்றார். தம்பி ஒரு லட்சத்து இருபதாயிரம் என்றார். தம்பி தன் பணத்தோடு சேர்த்துப் போட்டதால் பாஸ்புக்கிலும் பிரித்தறிய முடியவில்லை. வங்கி வாசலில் நின்ற வரிசையை இருவரும் ஒன்றுபோலச் சொன்னார்கள். தொகை மட்டும் ஒத்துவரவில்லை. இருவருமே தொழுகையாளிகள், பொய் சொல்பவர்கள் அல்லர். வித்தியாசத்தில் பாதி, பதினைந்தாயிரம் என்று சமரசம் செய்தோம். ஆனால் அதற்குள் அத்தாவின் ஜனாஸாவில்கூட இருவரும் பேசாமல் நின்றுவிட்டார்கள்.

1986 ஜனவரியில் அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாள், செய்தியை எப்படி அறிந்தீர்கள் என்று உல்ரிக் நைசர் என்ற அறிஞர் தம் மாணவர்களிடம் எழுதி வாங்கினார். சுமார் இரண்டரை ஆண்டுகள் கழித்து மீண்டும் கேட்டார். பலருடைய பதில் மாறியிருந்தது. ஆனால் உறுதி குறையவில்லை. அவர்கள் கையால் எழுதிய தாளைக் காட்டியும் பழைய நினைவு திரும்பவில்லை.

ஆகவே, "எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது" என்பது ஆதாரம் ஆகாது. குர்ஆனின் மிக நீண்ட வசனமான அல்பகரா 282, கடனை எழுதவும் சாட்சி வைக்கவும் சொல்கிறது. சிறு தொகையானாலும் எழுதச் சலிக்க வேண்டாம் என்கிறது.

அண்ணன் தம்பிக்குள் என்ன எழுத்து என்று கூச்சப்படாதீர்கள். கைமாற்றோ, நகையோ, கல்யாணச் செலவோ, மருத்துவச் செலவோ, அன்றே தேதியும் தொகையும் எழுதி இரண்டு சாட்சிகளிடம் கையெழுத்து வாங்குங்கள். அது சந்தேகம் அல்ல, உறவுக்குப் பாதுகாப்பு.

அல்லாஹ் நம் குடும்பங்களை ஒற்றுமையாக வைப்பானாக. ஆமீன். வஸ்ஸலாம்.