மஞ்சட்காமாலையும் இளம்பருவமும்



நீரைப் பெயரிலேயே தாங்கிய திருநீர்மலையில் வாழும் நான், நீரால் பரவும் நோயொன்றைப் பற்றிப் பேச விழைகிறேன். நான் பணியிலிருந்த நாளில் ஒரு மாணவன் பொதுத்தேர்வுக்கு முன் கண் மஞ்சளித்துப் படுத்தான். அதே நீரைப் பருகிய அவனுடைய நான்கு வயதுத் தம்பியோ ஓடியாடிக்கொண்டிருந்தான்! வியப்பன்று. ‘ஏ’ வகைக் காமாலைக் கிருமி ஆறு வயதுக்குட்பட்டோரைத் தொற்றினால், பெரும்பாலும் கண்கூட மஞ்சளிப்பதில்லை. எதிர்ப்பாற்றலோ வாழ்நாள் முழுதும் நிலைக்கும்.

1955 டிசம்பரில் டில்லிக் குடிநீரில் சாக்கடை கலந்து, ஏறத்தாழ 29,000 பேருக்குக் காமாலை கண்டது. அதனையும் ‘ஏ’ வகையென்றே நெடுங்காலம் எண்ணினர். சேமித்து வைத்திருந்த இரத்தத்தை ஆராய்ந்து 1980-இல் வெளியிட்ட முடிவு வேறு: அந்நோயாளிகள் ‘ஏ’ வகைக்கு முன்னரே எதிர்ப்பாற்றல் பெற்றிருந்தனர், வாட்டியது பிறிதொரு கிருமி. பின்னர் அதற்கு ‘ஈ’ எனப் பெயரிட்டனர்.

என் தலைமுறையினர் பலருக்கும் அவ்வாற்றல் அழுக்கு நீர் அளித்த கொடைதான், பெருமைப்பட ஏதுமில்லை. தூய நீரில் வளர்ந்த உங்களிற் பலருக்கு அது இராது. பதினெட்டு வயதில் விடுதி நீரிலோ, சாலையோரச் சர்பத்திலோ முதன்முறை தொற்றினால் வாரக்கணக்கில் படுக்க நேரும். தடுப்பூசி உண்டு, மருத்துவரைக் கேளுங்கள். நீரைக் கொதிக்கவைத்தே பருகுங்கள், வெதுவெதுப்பு போதாது.

அம்மாணவன் செப்டம்பரில்தான் தேர்வெழுதினான்.