வறுத்த பயறு, ஒரு குக்கர் கஞ்சி

வேலை முடிந்து பாறசாலையில் ரயில் இறங்கும்போதே இருட்டிவிடுகிறது. அதற்குமேல் குழம்பு, கூட்டு என்று அடுப்படியில் யார் நிற்பது? நெய்யாற்றின்கரைப் பக்கம் கைகொடுப்பது பயறு கஞ்சி. ஒரே குக்கர் போதும்.

பயறு ஊறவைக்க மறந்துவிட்டதா? பரவாயில்லை, வறுத்துவிடுங்கள். சிறுபயறை அந்தக் குக்கரிலேயே, எண்ணெய் விடாமல், வாசம் வரும்வரை வறுங்கள். வறுத்த பயறை ஊறவைக்க வேண்டாம். அதோடு இரண்டு பங்கு நொய்யரிசி, நாலு பல் பூண்டு, தாராளமாகத் தண்ணீர். நாலைந்து விசில் வரட்டும். ஆவி அடங்கியதும் தேங்காய், சீரகம், சின்ன உள்ளி அரைத்துக் கலக்கி, உப்புப் போட்டு ஒரே கொதி. தொட்டுக்கொள்ளச் சுட்ட பப்படம். பொரித்தது இன்னும் ருசி, அது உங்கள் பாடு. மறக்காதீர்கள், பயறை வறுத்துப் போடுங்கள். கஞ்சி இறுகினால் வெந்நீர் ஊற்றுங்கள், பச்சைத் தண்ணீர் வேண்டாம்.