வெளுத்துப்போகும் மருந்து பில்

பைக் மோதிக் கையொடிந்த ஒருவரை பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிறார்கள். எப்படி அடிபட்டது என்று டாக்டர் கேட்கிறார். கூட வந்தவர், போலீஸ் வம்பு எதுக்கு என்று நினைத்து, "கீழ விழுந்துட்டாருய்யா" என்கிறார். விபத்துப் பதிவேட்டில் அது அப்படியே ஏறிவிடும். பிறகு இழப்பீடு கேட்டுப் போனால் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் அந்த வரியைத்தான் நீட்டுவார். ஏ.ஆர். காப்பி என்கிறார்களே, அது இந்தப் பதிவேட்டின் நகல்தான்.

அடுத்தது மருந்துக்கடை பில். வெப்பத்தாளில் அடித்த பில் நம்ம ஊர் வெயிலுக்குச் சட்டைப் பையிலேயே வெளுத்துவிடும். வாங்கிய அன்றே ஜெராக்ஸ் எடுத்து, டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரேயோடு ஒரே பையில் போடுங்கள். கட்டுப் பிரித்ததும் சிகிச்சையைப் பாதியில் விடாதீர்கள். பிசியோதெரபி சீட்டில் உள்ள தேதிகளும் சாட்சிதான்.

ஊனச் சதவீதம் மட்டும் இழப்பீட்டுத் தொகையைத் தீர்மானிப்பதில்லை. கை இழந்த தச்சருக்கும் அரசு குமாஸ்தாவுக்கும் வருமான இழப்பு ஒன்றல்ல என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. நம்ம பத்தமடையை நினைத்துப் பாருங்கள். அங்கே கோரைப்பாய் நெய்கிறவருக்கு ஒரு விரல் மடங்காவிட்டால் தறியில் உட்கார முடியுமா? ஆகவே டாக்டரிடம் வலியை மட்டும் சொல்லாமல், செய்கிற தொழிலையும் சொல்லி எழுதச் சொல்லுங்கள். ஊனச் சான்றிதழைச் சிகிச்சை தந்த டாக்டரிடமே வாங்குவது நல்லது. எங்கிருந்தோ வாங்கிய சான்றிதழ் குறுக்கு விசாரணையில் தாங்காது.